மாவோரித் தாயும் நானும்

நவ. 16, ஞாயிறு
விடாத தூறல். பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் படம். நியூசிலாந்து மாவோரி ஆக்களின் கதை. ஃபாதர் போட்டார். ரோல்ஸ், தேத்தண்ணி.

ஒரு தாய். மகன் கள்ளர் கூட்டத்தோடு சேர்ந்து ஒரு கிழவரை அடித்துவிடுகிறான். அவள் செபம் சொல்லிவிட்டு, ஊர் கூடும் சபை வீட்டில் எல்லார் முன்னாலும் எழும்பி, அடித்தது என் மகன்தான் என்கிறாள். கள்ளர் கூட்டம் மிரட்டுகிறது. அசையவில்லை. பேசி முடித்ததும் சொந்தங்கள் அவளுக்குப் பின்னால் வந்து நின்று பாடுகிறார்கள். பேசியவரைத் தனியே விடுவதில்லையாம்.

பின் வரிசையில் ஒருத்தி: "பெத்த பிள்ளையைக் காட்டிக் குடுக்கிறாள். உவளும் ஒரு தாயோ?"
திரும்பிச் சொன்னேன்: "உவள்தான் தாய்."

திங்கள்
குளிர். உடுப்புத் துவைப்பு. கோழி வாங்க மறந்தாச்சு.

பக்கத்துத் தெரு ராணியக்கா வீட்டில் போன கிழமை களவு. கள்ளர் அலுமாரியைத் தொடவேயில்லை, நேரே அரிசி வாளிக்குப் போயிருக்கிறார்கள். இந்த நாட்டில் நகையை அரிசிக்குள் புதைப்பது எங்கட தமிழ்ச் சனம்தான். வெளியாருக்கு எப்படித் தெரியும்? அக்காவைத் தள்ளிவிட்டதில் இடுப்பெலும்பு முறிவு.

இன்று மகன் அன்ரனின் ஜாக்கெட் பொக்கற்றில் அரிசி. ராணியக்காவின் சிவப்புக்கல் தோடு ஒன்று.
மாதாவே. நேற்று வாய் கிழியக் கதைத்தவள் நான்தான்.

செவ்வாய்
ஆஸ்பத்திரி. ராணியக்காவுக்குச் சூப் கொண்டுபோனேன். மேசையெல்லாம் சிந்தினேன்.
"ஒருத்தரையும் தெரியேல்லை எண்டு பொலிசுக்குச் சொல்லிப்போட்டன்," என்றா. பிறகு என் கையைப் பிடித்து, "உனக்கு இருக்கிறது ஒரு பிள்ளையெல்லே."

அவவுக்குத் தெரியும். பஸ்ஸில் எனக்கு வந்தது சந்தோஷம், அவன் தப்பிவிட்டான் என்று. அதன் பிறகு அவவின் முறிந்த இடுப்பு நினைவுக்கு வந்தது. இறங்கி நடந்தேன்.

புதன்
மழை. வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லியாச்சு. தோட்டை மேசையில் வைத்தேன்.
"நான் கூடப்போய் நகை இருக்கிற இடத்தைத்தான் காட்டினனான், அம்மா. தள்ளினது நானில்லை."
"இனிமேல்?"
"வெள்ளிக்கிழமை வேற வீடு. நான் போகாட்டி என்னைக் குத்துவாங்கள்."
"ஆரின்ர வீடு?"
அழுதான். நானும்.

செபமாலை சொல்லிப் பார்த்தேன், பாதியில் வரிகள் மறந்துபோச்சு. அந்தத் தாய்க்குப் பின்னால் ஒரு ஊரே நின்று பாடியது. எனக்குப் பின்னால் வாஷிங் மெஷின். இனிமேல் கோயிலில் ஒருத்தரும் முகம் கொடுக்க மாட்டார்கள். அவனை உள்ளே போட்டால் நான் ஆருக்குச் சமைக்கிறது?

பொலிசுக்கு ஃபோன் எடுத்தேன். அன்ரன் எதிரிலேயே இருந்தான், எழும்பிப் போகவில்லை. ஃபோனில் ஒரு வெள்ளைக்காரி மகனின் முழுப் பெயரைக் கேட்டாள். சொன்னேன். விளங்கவில்லையாம், எழுத்தெழுத்தாகச் சொல்லட்டாம்.
சொன்னேன்.