வெளிர் நிறத்தில் இரண்டு பாவாடை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் பாதியிலேயே அழுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். இன்று காலை முதல் வேலையாக நானே நோயாளியாகப் படுத்தேன். பயப்படாதீர்கள். எங்கள் ஸ்கேன் அறைக்குப் புது மெஷின் வந்தால் முதலில் எங்களில் ஒருவரைப் படுக்கவைத்துத்தான் சோதிப்போம்.

என்னோடு வேலை செய்கிறவள் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அக்கா, சிசேரியன் தையல் போட்ட இடத்துல குழி விழுந்திருக்கு. பீரியட்ஸ் முடிஞ்ச பிறகும் கசியுதா?"

"சின்னவ பொறந்ததுலேருந்து."

"நல்லாருக்கு. ஊர் வயித்தையெல்லாம் பாத்தீங்க, சொந்த வயித்தைப் பாக்கலையாக்கும்."

'பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்' என்று நீங்கள் சொன்னதை நானும் நம்பிவிட்டேன், அம்மா. எழுந்திருக்கும் போதெல்லாம் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தே வருடங்கள் போய்விட்டன. ரத்தம் அந்தக் குழியில் தேங்கி, பிறகு மெதுவாகக் கசிகிறது, அவ்வளவுதான். வயிற்றைக் கிழிக்காமல் உள்ளே கேமரா விட்டுச் சரிசெய்யலாம் என்கிறார் டாக்டர்.

அடுத்த பார்சலில் கறுப்புப் பாவாடை வேண்டாம். வெளிர் நிறத்தில் இரண்டு வையுங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சின்னவள் சத்தம் போட்டுப் பாடம் படிப்பதைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். பாடம் எதுவானாலும் சரி.

வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். இன்னும் யாரிடமும் சொல்லாத ஒன்று: ஊருக்கு வரச் சேர்த்துவைத்த லீவை இந்தச் சிகிச்சைக்கே எடுக்கப்போகிறேன். சின்னவள் கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும், அம்மா. இந்த முறை என் உடம்புக்குத்தான் லீவு.

உங்கள் மகள்