மூன்று மணிக்குப் புறப்பட்டவருக்கு

நேரம் தவறாத என் அப்பாவுக்கு,

திரும்பிப் போகிற வழியில் மறுபடியும் அதே விமான நிலையத்தில், அதே ஓய்வறையில், ஜன்னலோரத்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்றுதான் சங்கரன்கோவிலை விட்டுக் கிளம்பினேன். அடுத்த விமானத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது. வெளியே பாலைவன வெயில் சுள்ளென்று அடிக்கிறது, உள்ளே போர்வை கேட்கிற குளிர்.

பிசினஸ் கிளாஸ் பயணிகள் காத்திருக்கும் இடம் இது. நீங்கள் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஆளுக்கொரு சோபா, ஏழெட்டு மேசை நிறையச் சாப்பாடு, குளிப்பதற்குத் தனி அறைகள். ஆனால் விசில் கிடையாது, மைக் கிடையாது. எந்த விமானம் எப்போது கிளம்புகிறது என்று யாரும் கூவ மாட்டார்கள். நாமே பலகையைப் பார்த்து எழுந்து போக வேண்டும். "அப்ப யாருலே வண்டிய விடுதா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பீர்கள். நம்மூர் பஸ் ஸ்டாண்டில் அத்தனை வருஷம் டைம் கீப்பராக நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து பஸ்களை அனுப்பிய ஆளுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

ஊருக்கு வருகிற வழியில் இங்கே கழித்த பதினொரு மணி நேரத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

நீங்கள் போன செய்தி வந்ததும் அவசரத்தில் கிடைத்த டிக்கெட் இதுதான். சொகுசாக வரவேண்டும் என்று நான் வரவில்லை அப்பா. முதல் விமானம் தாமதமானதால் திருவனந்தபுரம் விமானம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். அதைப் பிடித்து நான் வீடு வந்து சேர மறுநாள் விடிந்துவிடும். நீங்களோ ஏற்கனவே ஒரு ராத்திரியைக் குளிர்பெட்டிக்குள் கழித்திருந்தீர்கள்.

சித்தப்பாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"அதுக்கென்னலே? பெட்டியிலதான இருக்காரு, இன்னும் ஒரு நாள் தாங்கும். கொள்ளி வைக்க ஒத்த மகன் இருக்கையில நாங்க எப்படி எடுக்க? ஊரு ஒலகத்துல ஒருத்தருக்கும் வண்டிய நிறுத்தாத மனுசன். இப்பம் பாரு, மகனுக்காவக் காத்துக் கெடக்காரு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டபோது ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செத்துக் கிடக்கிற அப்பாவை வைத்துக்கொண்டு ஒருவன் சந்தோஷப்படுவானா? நான் பட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஏழு பத்து திருநெல்வேலி வண்டி. என் முதல் வேலைக்கான இன்டர்வியூ. சான்றிதழ் ஃபைலை வீட்டில் மறந்துவிட்டு, பாதி வழியில் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். பஸ் ஸ்டாண்ட் வாசலில் நான் ஓடிவருவதை நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன். குனிந்து கடிகாரத்தைப் பார்த்தீர்கள், விசிலை ஊதினீர்கள், வண்டி போய்விட்டது. அந்த வேலையும் போய்விட்டது.

அன்று வீட்டில் நான் கத்தினேன்: "பெத்த பிள்ளைக்கு ரெண்டு நிமிசம் நிக்காத நீங்கள்லாம் ஒரு அப்பாவா?" அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னீர்கள். "உள்ள அம்பது பேரு உக்காந்திருக்கான். அவனவனுக்கு ஒரு சோலி இருக்கு. ஒத்த ஆளுக்காவ நிறுத்துனா அது பஸ் இல்லலே, உங்கப்பன் வீட்டுக் காரு."

அதற்குப் பிறகு நாம் பேசாமலும் இருந்ததில்லை, சரியாகப் பேசியதும் இல்லை. நான் சொன்ன சொல்லை நானும் திரும்ப எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி நீங்களும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து, எனக்காக ஒரு வண்டி நிற்கிறது என்று அந்த நொடியில் நினைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா பேசினாள்.

"ஏலே, அம்மா நேத்துக் காலையிலருந்து ஒரு பருக்கை தொடல. மாத்திரையும் போட மாட்டேங்கா. அப்பாவ எடுக்காம அடுப்புப் பத்த வைக்கக் கூடாது, நான் எப்படித் திங்கன்னு சுவத்துல சாஞ்சே கெடக்கா. அவ ஒடம்புல சர்க்கரைய வச்சிக்கிட்டு நாளைக்கு வரைக்கும் தாங்குவாளா? நீ வந்து முகம் பாக்கணும்லா, அதையும் நெனைக்கேன். எனக்கு ஒண்ணும் புரியல."

கேத வீட்டில் உடலை எடுக்கும்வரை உலை வைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். நானும் அதுவரை எதையும் தொடவில்லை. ஆனால் நம் வீட்டில் அம்மா பட்டினி கிடக்க, என்னைச் சுற்றி ஒரு கல்யாண வீட்டுக்கான சாப்பாடு ஆவி பறக்க இருந்தது. சற்றைக்கொரு முறை யாராவது வந்து, சார் என்ன வேண்டும் என்று குனிந்து கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. நான் போனில் பேசியது காதில் விழுந்திருக்கிறது. பக்கத்தில் வந்து தமிழில் மெல்லக் கேட்டார்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

சொன்னேன். அவர் கடையநல்லூர். என் முன்னால் இருந்த காலித் தட்டையும் கரண்டிகளையும் எடுத்துக்கொண்டார், இனி யாரும் வந்து உபசரிக்காதபடி. பிறகு நின்றவாக்கில் சொன்னார்.

"எங்க வாப்பா மவுத்தானப்ப நானும் இங்கனதான் இருந்தேன் அண்ணாச்சி. எங்கள்ல ஆளுக்காக வச்சிருக்க மாட்டாங்க. அன்னைக்கே அடக்கிட்டாங்க. மொகம் பாக்கலியேன்னு இன்னைக்கும் வருத்தம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்கள காக்கப் போட்டுட்டோமேங்கிற வருத்தம் இல்ல."

அவர் போன பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், பசியோடு இருப்பவர்கள், அவர்களுக்கு நடுவில் சுவரில் சாய்ந்து அம்மா. ஒற்றை ஆளுக்காக எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தேன். உங்கள் முகத்தை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பந்தலில் இருப்பவர்களை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பழக்கம் உங்களிடமிருந்து வந்ததுதான்.

சித்தப்பாவைக் கூப்பிட்டு, "இன்னைக்கே மூணு மணிக்கு எடுத்துருங்க" என்றேன். அவர் கத்தினார். ஊர் சிரிக்கும் என்றார். கொள்ளியை அக்கா வைக்கட்டும் என்றேன், அதற்கும் கத்தினார். அக்கா போனை வாங்கி, "எனக்கு அதெல்லாம் வேண்டாம்லே. சித்தப்பா மகன் முத்து வைக்கட்டும். நான் அம்மாகிட்ட இருக்கணும்" என்று முடித்துவிட்டாள். உங்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவளுக்கு எது முக்கியம் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது.

மூன்று மணி நெருங்கும்போது மறுபடி சித்தப்பா. புளியங்குடிக்காரர்கள் வழியில் இருக்கிறார்களாம், அரைமணி பொறுக்கலாமாம்.

"மூணுன்னா மூணு சித்தப்பா" என்றேன். என் வாயிலிருந்து உங்கள் குரல் வந்தது. "சரி மக்கா" என்றார் சித்தப்பா.

அங்கே மூன்று, இங்கே ஒன்றரை. அக்கா போனில் உங்கள் முகத்தைக் காட்டினாள். நெற்றி நிறையத் திருநீறு, தாடையைக் கட்டியிருந்தார்கள். சங்கு ஊதியது. நான் எழுந்து நின்றேன். சுற்றிலும் யாரோ காபி குடித்துக்கொண்டிருந்தார்கள், யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வாசலைத் தாண்டியதும் அக்கா போனை வைத்துவிட்டாள்.

கடையநல்லூர்க்காரர் எனக்காகக் குளியலறை ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். வாசனைச் சோப்பும் வெள்ளைத் துண்டும் இருந்த அந்த அறையில், தண்ணீரைக் குளிர்ச்சிக்குத் திருப்பிவிட்டுத் தலை முழுகினேன். அப்போதுதான் சத்தம் போட்டு அழுதேன். வெளியே வந்தபோது அக்காவிடமிருந்து செய்தி வந்திருந்தது: "பக்கத்து வீட்டுக் கஞ்சி. அம்மா ரெண்டு தம்ளர் குடிச்சிட்டா. நீயும் சாப்பிடு." அத்தனை பதார்த்தங்களில் வெறும் சோற்றையும் தயிரையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பிசைந்து, தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் முத்து ஒன்று சொன்னான். உங்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வாசலைக் கடக்கும்போது மூன்றேகால் ராஜபாளையம் வண்டி வெளியே வர நின்றதாம். உங்களைப் பார்த்ததும் டிரைவர் மரியாதைக்கு இன்ஜினை அணைத்துவிட்டாராம். சித்தப்பாதான் முன்னால் ஓடிக் கையைக் காட்டினாராம்: "தூக்குதவங்க ஓரமா நில்லுங்கப்பா. மொதல்ல வண்டி போவட்டும். நேரமானா அண்ணன் ஏசுவாரு." வண்டி போகும்வரை உங்களைத் தோளில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் நின்றிருக்கிறார்கள்.

அன்று நான் கத்திய அந்தச் சொல்லை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன் அப்பா. நேரம் கடந்துவிட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தோன்றும். சொல்லிக்கொள்ளுங்கள்.

அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாள். உங்கள் கடிகாரம் அலமாரியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் போடுகிறாள். ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அம்மாவுக்காக நான் ஓடிவந்து வாசலில் நிற்கிற நிலை வராது. வருகிற தையில் வேலையை மாற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் வந்துவிடுகிறேன். அவள் உயிரோடு இருக்கும்போதே, நேரத்துக்கு முன்பே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

ஏழு பத்து வண்டியையும் உங்களையும் தவறவிட்ட,
உங்கள் ஒற்றை மகன்