ஏரியை எதிர்ப்பக்கமாகச் சுற்றியவளுக்கு

இன்று காலையில் நான் முதலில் செய்த காரியம், பழைய கேன்வாஸ் ஷூவைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இரண்டு தட்டு தட்டியதுதான். உள்ளே தேள் இருக்கும் என்று நீ போட்டுவிட்டுப் போன பயம் இன்னும் போகவில்லை. தேள் விழவில்லை. அடிப்பாகத்தில் ஒரு நெருஞ்சிமுள் காய்ந்துபோய்க் குத்திக்கொண்டிருந்தது. புது ஷூ நேற்றைய மழையில் நனைந்துவிட்டதால் பரணிலிருந்து இதை இறக்கினேன். இல்லாவிட்டால் அந்த முள் என் கண்ணில் பட்டிருக்காது. ஏரிக்கரையில் இப்போது நெருஞ்சி கிடையாது. சிவப்பும் மஞ்சளுமாகச் சிமென்ட் கல் பதித்துவிட்டார்கள்.

முள்ளைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன். பக்கத்திலேயே ஒரு தாள் கிடக்கிறது. உன்னைப் பற்றி நான் எழுதிய இரண்டு வரிகள். பத்து மணிக்கு அதைக் கல்வெட்டுக் கடையில் கொடுக்க வேண்டும். அதில் ஒரு வரி பொய்.

உனக்குப் பெஞ்சு போடுகிறார்கள். கருங்கல் பெஞ்சு, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பெங்களூரிலிருந்து உன் அண்ணன் தருகிறார். வருடத்துக்கு இரண்டு முறை வந்து, காபி ஆறுவதற்குள் கிளம்பிவிடுவாரே, அவர்தான். காலையில் ஏரியைச் சுற்றுகிற நடைக்குழு மறுபேச்சில்லாமல் சம்மதித்தது. பெஞ்சு வேண்டாம் என்று எந்தக் குழு சொல்லும்? உன்னைக் 'கிறுக்கு' என்று சொன்ன அதே வாய்கள் இப்போது உன்னை 'அம்மையார்' என்கின்றன. செத்துப்போனால் இந்த ஊரில் எல்லோருக்கும் பதவி உயர்வு கிடைத்துவிடுகிறது.

கல் பதிப்பதற்கு முன்பு அங்கே நாம் இரண்டு பேர்தான். தெற்கே கரை, மற்ற பக்கங்களில் மாடு போன மண் தடம், நடுவில் கோரையும் ஆம்பலும். உன் ஜெராக்ஸ் கடையைத் திறப்பதற்குள் ஒரு சுற்று முடித்துவிட வேண்டும் என்று வேகமாக நடப்பாய். நடக்கும்போது முந்தின நாள் கடைக்கு வந்த மனுக்களைப் பற்றிப் பேசுவாய். தாலுகா ஆபீஸுக்கு எதிரில் கடை வைத்திருந்தவளுக்குப் பேச்சுக்கு என்ன பஞ்சம்.

"படிக்கவே கூச்சமா இருக்குதுடி. இடிஞ்ச சுவத்துக்கு ஒரு மனு போடறான், அதுல மொத வரியே பொற்பாதமாம். அவன் பாதத்த நான் பாத்திருக்கேன். பித்த வெடிப்பு."

ஊரில் கிரிவலம் போய்ப் பழகிய கால்களுக்கு வேறு திசை தெரியாது. கரைக்கு எப்போதாவது நடக்க வந்தவர்களும் ஏரியை வலமாகத்தான் சுற்றினார்கள், அதுவும் இடது ஓரமாக ஒதுங்கி, உள்பக்கம் சித்தர்கள் நடப்பதைப் போல வழி விட்டு. நீ மட்டும் எதிர்ப்பக்கம். முதல் நாளே காரணம் கேட்டேன்.

"இப்படி வந்தாதான் கரைமேல நடக்கறப்ப மலை எதிர்ல தெரியுது. அவங்கள பாரு, சாமிக்கு முதுகக் காட்டிக்கினு வலம் வர்றாங்க."

உண்மைதான். கரையின் முழு நீளமும் அவர்களுக்கு மலை முதுகுப்புறம். இத்தனை வருடத்தில் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

பிறகு ஏரி 'அழகுபடுத்தப்பட்டது'. அழுக்கு என்று கோரையைப் பிடுங்கினார்கள். அதில் முட்டையிட்ட தாழைக்கோழிகள் எங்கே போயினவோ. அதற்குப் பதிலாக வெள்ளைப் பெயின்ட் அடித்த இரண்டு சிமென்ட் அன்னங்கள் வந்தன. ஒன்றின் மூக்கு முதல் மாதமே உடைந்தது. பறவைகளின் பெயர்ப்பலகை வைத்தார்கள், அதில் அந்த ஏரிக்கு ஒருநாளும் வராத பறவைகளாகப் பார்த்துப் படம் போட்டார்கள். புதிதாகக் கூடிய நடைக்குழு பத்தடிக்கு ஒரு அம்புக்குறி போட்டது, 'வலமாக மட்டும் நடக்கவும்'. மீறினால் விசில் ஊத ஒரு வாட்ச்மேன்.

"யக்கா, அம்பு போட்டிருக்குது பாக்கலையா? திரும்புங்க்கா."

"ஏம்பா, ஏரிக்குள்ள எந்தச் சாமி உக்காந்துனு இருக்குது? சொல்லு, நானும் வலமா வர்றேன்."

வாட்ச்மேன் யோசித்தான். உண்மையாகவே ஏரியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு உனக்கு மட்டும் விசில் ஊதுவதை விட்டுவிட்டான். அந்தக் குழுவில் இருந்த பட்டதாரிகளைவிட அவனுக்கு மூளை ஜாஸ்தி.

நான் திரும்பிவிட்டேன். அதை இங்கே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நடைக்குழுவின் தலைவர் எங்கள் பள்ளித் தாளாளர். பள்ளி அலுவலகத்தில் அவருடைய சுற்றறிக்கையும் வாழ்த்துரையும் இரங்கலும் எழுதுகிறவள் நான். "மேடம், நீங்களும் நம்மளோட வந்துடுங்க, தனியா எதுக்கு?" என்று அவர் ஒருநாள் கேட்டார். நான் தனியாக நடக்கவில்லை, உன்னோடு நடந்துகொண்டிருந்தேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். "சரிங்க சார்" என்றேன்.

அவர் போன பிறகு நீ சொன்னது ஒரே வாக்கியம்: "நீ எழுதறதும் மனுதான்டி. என்ன, உனுக்கு எழுத்துப் பிழை கம்மி."

அன்றிலிருந்து அவர்களோடு நடந்தேன். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கைபேசிகள், எத்தனை அடி நடந்தோம் என்ற விசாரிப்பு, முடிந்ததும் வாசல் டீக்கடையில் வடை. தாளாளரின் நகைச்சுவைக்கு அவர் முடிப்பதற்கு முன்பே சிரிக்கக் கற்றுக்கொண்டேன். நீ எதிர்ப்பக்கமாக வந்தாய். வாசலில் ஒன்றாகக் கிளம்பி, ஆளுக்கொரு திசையில் போய், வடக்கே ஈச்சமரத்தடியில் ஒருமுறை, மறுபடி வாசலில் ஒருமுறை என்று ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சந்தித்தோம். ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவாய். "இன்னாடி, அன்னத்துக்குத் தீனி போட்டியா?" மற்றவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று நான் பயப்படுவேன்.

பிறகு ஈச்சமரத்தடிக்கு நீ வந்து சேர்வதற்குள் நாங்கள் அதைத் தாண்டிவிட ஆரம்பித்தோம். சந்திக்கும் இடம் ஒவ்வொரு வாரமும் உன் பக்கம் நகர்ந்தது. ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் பார்க்க முடிந்தது. மூச்சு வாங்குகிறது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க நின்றால் குழு போய்விடும். உன் நுரையீரல் கெட்டுக்கொண்டிருந்ததை நான் கண்ணால் அளந்துகொண்டே நடந்திருக்கிறேன். அளந்து முடித்துவிட்டு வடை தின்றிருக்கிறேன்.

கடைசியில் நீ நடக்கவில்லை. கலங்கல் கல்லில் உட்கார்ந்திருந்தாய், மலையைப் பார்த்து. நான் நின்றேன். அன்று ஒருநாள் நின்றேன் என்பதை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளப் பார்க்கிறேன், பார்த்தாயா? முன்னால் போன தாளாளர் திரும்பி, "மேடம்?" என்றார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "போடி, உங்க ஜமா போவுது. ஓடு."

ஓடினேன். மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய்.

நேற்று தாளாளர் கூப்பிட்டார். "மங்களகரமா ரெண்டு வரி எழுதிக் குடுங்க மேடம். தினமும் ஏரியை வலம் வந்தவங்கன்னு வரணும். அண்ணன்காரருக்கும் சந்தோஷம், நம்ம அம்புக்குறிக்கும் ஒரு மரியாதை."

"அவங்க எதிர்ப்பக்கமா வருவாங்க சார்."

"அது யாருக்கு மேடம் தெரியப்போவுது?"

எனக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியும். தினமும் உன்னை எதிரில் பார்த்த தாளாளருக்கும் குழுவுக்கும்கூடத் தெரியும். எழுதிக் காட்டினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லி, கடையில் கொடுக்க என்னிடமே திருப்பித் தந்தார்.

நான் இவர்களை இவ்வளவு இளப்பமாக எழுதிக்கொண்டு போவதைப் பார்த்தால் நீ நிறுத்தச் சொல்லியிருப்பாய். அவர்களுக்கு நீ அப்படி நடந்ததன் காரணம் தெரியாது. தெரிந்துகொண்டே மறுபக்கம் போனவள் நான் ஒருத்திதான்.

மணி எட்டேகால் ஆகிறது. அந்தத் தாளை இப்போது நான்காகக் கிழித்துவிட்டேன். வேறு தாளில் வேறு இரண்டு வரி எழுதியிருக்கிறேன். கல் வெட்டுகிறவருக்கு எந்த வாசகமும் ஒன்றுதான், கொடுத்ததை வெட்டுவார். துணியை விலக்கும் வரைக்கும் ஒருவரும் படிக்கப்போவதில்லை. அதன் பிறகு திங்கட்கிழமை எனக்குப் பள்ளியில் நாற்காலி இருக்குமா என்று தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. நெருஞ்சிமுள்ளை இந்தப் புதுத் தாளில் மடித்துக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

கல்லில் இப்படி இருக்கும்:

'இவர் இந்த ஏரியை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார்.
அப்படி வந்தால் மலை எதிரில் தெரியும்.'