ஏரியைச் சுற்றி எதிரெதிரே

ஞாயிறு, இரவு

ஏரிக்கரையில் புதிதாகக் கல் பதித்த பாதைக்கு இன்று காலை நானும் அவரும் போனோம். வீட்டில் இருப்பது ஒரே சைக்கிள். "நீ அந்தப் பக்கமா ஓட்டிக்கினு வா, நான் இப்படி நடந்து வர்றேன். எதிர்ல பாத்ததும் உக்காந்து டீ குடிக்கலாம்" என்று ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார்.

பனியில் அக்கரை தெரியவில்லை. எங்கள் தூத்துக்குடிக் கடலோரம் போலவே இருந்தது. சைக்கிள் தண்ணீர்மேல் போவதுபோல ஒரு மயக்கம். நாங்கள் இருவரும் வேலை செய்யும் கம்பெனியில் அடுத்த மாதம் என்னையும் அவருடைய முதல் ஷிஃப்டுக்கு மாற்றுகிறார்கள். டீ குடிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தபடி மிதித்தேன்.

பனிக்குள்ளிருந்து அவர் வந்தார். கையைக் காட்டினார். நானும் காட்டினேன். கடந்து போய்விட்டோம்.

தினமும் மதியம் அவர் திரும்பும் கம்பெனி பஸ்ஸும் நான் வேலைக்குப் போகும் பஸ்ஸும் எதிரெதிரே கடக்கும்போது ஜன்னலில் இப்படித்தான் காட்டுவோம். கல்யாணமானதிலிருந்து அதே பழக்கம்.

சுற்றி முடித்து நான் காத்திருக்க, அவரும் முழுச் சுற்று நடந்து வர, கிளம்பிய இடத்தில்தான் மறுபடி பார்த்தோம்.

"ஏன் நிக்காம போயிட்ட?"

"நீங்க மட்டும் நின்னீங்களா?"

சிரித்தார். டீயை வீட்டுக்கு வந்துதான் குடித்தோம். ஷிஃப்ட் மாறுவதை நான் சொல்லவில்லை. ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என்ன பேசுவோம்?

விளக்கை அணைக்க எழுந்தேன். தூக்கத்தில் அவர் கை மெல்ல உயர்ந்தது. நானும் கையைக் காட்டினேன்.