விழக் கூடாத கொடிகள்

12 ஜனவரி 2025, ஞாயிறு

இருந்தவர்கள்: என் கணவர் மஹ்ரூப், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் அவருடைய காக்கா (மூத்த சகோதரர்) ஹஸ்மி மச்சான், அவர் மனைவி நஜ்முன் நிஸா மதினி, என் மகள் றுஷ்தா, நான். மேசை நடுவில் இங்கிலாந்திலிருந்து வந்த பார்சல், அதற்குள் ஈயச் சிப்பாய்கள். அவர்களையும் சேர்த்தால் வீட்டில் கூட்டம் தாராளம்.

விசயம்: இந்தச் சிப்பாய்களுக்கு நான் வர்ணம் பூசலாமா, கூடாதா.

பிறகு எனக்கே மறந்துவிடும் என்பதால் முழுதாக எழுதி வைக்கிறேன். போன ஓகஸ்டில் இவருடைய படகில் திமிங்கிலம் பார்க்க வந்த கீத் துரை, இளைப்பாறிய பல் வைத்தியர், திரும்பும்போது தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்தார். அலுமாரிக்கு மேலே இருந்த மினாக் கூடாரங்களின் மாதிரியைக் கண்டார். றுஷ்தா அஹதிய்யா ஞாயிறு வகுப்பில் ஓதிய காலத்தில் ஹஜ் கண்காட்சிக்கு நான் செய்து கொடுத்தது. மணல், மொட்டை மலை, வெள்ளைச் சீலைக் கூடாரம். யாரும் சொல்லித் தரவில்லை, செய்து செய்து பழகினது. மனிதர் அதன் முன்னால் முழந்தாளில் நின்று பார்த்தார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பிறகுதான் சொன்னார், இது அப்படியே சூடான், எங்கள் பட்டாளம் பாளையமிறங்கிய இடம் என்று. நூற்று நாற்பது வருசத்துக்கு முந்தைய சண்டையை அவரும் அவருடைய கூட்டாளிகளும் மேசையில் வைத்துத் திரும்பத் திரும்ப விளையாடுகிறார்களாம். ஒரு தரம் வென்றது போதாது போல. அதற்குப் பாலைவனமும் கூடாரமும் செய்து, சிப்பாய்களுக்கு வர்ணமும் பூசித் தரச் சொல்லி இப்போது காசுக்கு ஓடர் தந்திருக்கிறார்.

ஹஸ்மி மச்சான் தொண்டையைச் செருமினார். "மரம், மலை, கூடாரம், இதில பிரச்சினை இல்ல. உயிருள்ள உருவம் எண்டால் யோசிக்க வேணும்."

"இது ஈயம் தானே காக்கா," என்றார் இவர்.

"கண் வைச்சால் உருவம் பூரணமாகுது. கண் வைக்கக் கூடாது."

மதினி ஒரு சிப்பாயைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இதில கண் வைக்க இடம் எங்க இருக்கு?"

முகமே ஒரு உளுந்தளவு. ஆனாலும் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை, இல்லாத கண்ணை வைப்பதா விடுவதா என்று பேசினோம். தீர்ப்பு: பூசலாம், கண் வைக்கக் கூடாது. துரைக்கு எழுதிக் கேட்பது இவர் பொறுப்பு. எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வாசிக்க வரும், எழுதக் கூச்சம். இப்போது காற்றுக் காலம், படகு கரையில் கிடக்கிறது. மனிசிக்கு மனேஜர் ஆகியிருக்கிறார்.

14 ஜனவரி

பதில் வந்துவிட்டது. கண் இல்லாவிட்டால் பரவாயில்லையாம், மேடத்துக்குத் தன் ஆழ்ந்த அனுதாபமாம். அனுதாபம் எதற்கு? இங்கிலீஷ்காரரின் மரியாதை அப்படியாக்கும்.

18 ஜனவரி

பார்சலைப் பிரித்து அடுக்கினேன். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஒவ்வொருவரும் பஞ்சுக் குழிக்குள் தனித்தனியாகப் படுத்திருந்தார்கள். கேர்னலுக்கும் கப்டனுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒருவருடைய நாய்க்கும் பெயர் இருக்கிறது. சூடான்காரர் எல்லாரும் ஒரு பொலித்தீன் பைக்குள். பையில் எடை எழுதியிருக்கிறது.

22 ஜனவரி

துரையின் குறிப்பு: தலைத்தொப்பி வெள்ளையாக இருக்கக் கூடாது. பாலைவனத்தில் தூரத்துக்குத் தெரியாமல் இருக்க அந்தக் காலத்தில் தேயிலைச் சாயத்தில் தோய்த்தார்களாம். அதற்கு நிறம் கலந்து பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் இவர் குடித்து மிச்சம் வைத்த பிளேன்டீயைத் தூரிகையில் தொட்டேன். அச்சொட்டாக வந்தது. எங்கள் மலையில் கொழுந்தையும் பறித்து, தலையிலும் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சூடான்காரரின் சட்டை வெள்ளை, அதில் ஒட்டுப்போட்ட துண்டுகள். அது எனக்கு லேசு. ஒட்டுப்போட்ட சட்டை இந்த வீட்டுக்குப் புதிதா?

30 ஜனவரி

இன்னொரு பார்சல். ஒன்று, தலையில் மாட்டும் பெரிய பூதக்கண்ணாடி, முன்னால் குட்டி லைட். "என் அன்பளிப்பு" என்று கார்ட். நான் கேட்கவில்லையே. மாட்டிப் பார்த்தேன், றுஷ்தா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தாள். அரிசியில் கல் பொறுக்க நல்லது.

மற்றது, கொடிகள். தாளில் அச்சடித்தது. வெட்டி, மடித்து, சூடான்காரரின் கொடிக்கம்பில் ஒட்ட வேண்டும்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொடியில் அரபு எழுத்தில் கலிமா, அல்லாஹ்வின் பெயரோடு.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

2 பெப்ரவரி, ஞாயிறு

எப்படித்தான் விளையாடுகிறார்கள் என்று பார்க்க, துரை முன்பு அனுப்பிய வீடியோவை றுஷ்தா போட்டுக் காட்டினாள். நரைத்த ஆம்பிளைகள் தாயக்கட்டை உருட்டுகிறார்கள். செத்தவனை விரலால் தட்டிப் படுக்க வைக்கிறார்கள். சண்டை முடிந்ததும் ஒருவர் முழங்கையால் செத்தவர்களையெல்லாம் வழித்துப் பெட்டிக்குள் தள்ளுகிறார். இரண்டு நிலத்தில் விழுந்தது. சப்பாத்துக்குப் பக்கத்தில்.

அந்தக் கொடி நிலத்தில் கிடந்தால்?

இவரிடம் சொன்னேன். "எழுத்தில்லாத வெறும் கொடி, அதே நிறத்தில நான் சீலையில செய்து தாறன். இந்தத் தாளை ஒட்ட எனக்கு ஏலாது. அப்படியே எழுதுங்க."

"எழுதிட்டன்," என்றார் அரை மணியில்.

"என்ன சொன்னார்?"

"எழுத்து வேணுமாம். மரியாதையா வைச்சிருப்பாராம். நீ ஒட்டு."

இவ்வளவு பெரிய விசயத்துக்கு இவ்வளவு சின்னப் பதிலா? துரை முன்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவாரே.

4 பெப்ரவரி

ஹஸ்மி மச்சான் வந்து தாளை வாசித்தார். கலிமாவுக்குக் கீழே இன்னொரு வரி, அந்தச் சூடான் தலைவர்தான் கடைசிக் காலத்தில் வர வேண்டிய மஹ்தி என்று. "இந்த வரி நமக்கு ஒத்துவராது, வெட்டு," என்றார். மற்றக் கேள்விக்கு, அதாவது கொடி விழுவதற்கு, கமிட்டி வைத்துத்தான் சொல்ல வேண்டுமாம். கமிட்டியில் யார் யார் இருப்பது என்று பேச வெள்ளிக்கிழமை ஒரு கூட்டமாம்.

வெட்டிய துணுக்குகளைக் குப்பையில் போட ஏலாது, எல்லாம் எழுத்து. ஒரு டப்பாவில் சேர்த்து இவரிடம் கொடுத்தேன். துறைமுகத்தில் ஆழமான இடம் பார்த்து விட்டுவிட்டு வந்தார். அந்த ஆழத்தில் வெள்ளைக்காரன் ஒரு காலம் கப்பல் படையே வைத்திருந்தான். எங்கள் டப்பாவுக்கும் இடம் இருந்தது.

9 பெப்ரவரி

சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டு வரும் பத்மாசனி குசினி வாசலில் இருந்து சூடை மீன் கழுவிக்கொண்டே என் கதையைக் கேட்டாள்.

"விழக் கூடாதெண்டால் விழாமல் செய்யுங்கோவன் அக்கா."

"தட்டினால் விழும் தானே பத்மா."

"எங்கட மனுசன் வலைக்கு ஈயம் கட்டுறதேன்? அடி பாரமா இருந்தால் எது விழும்? எங்கட கடைக்குட்டிக்குக் கொழும்பில வாங்கின பொம்மை ஒண்டு இருக்கு, எத்தினை அடி அடிச்சாலும் எழும்பி நிண்டு சிரிக்கும். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல்."

நான் கழுவிய சூடையை வாங்க மறந்து நின்றேன்.

13 பெப்ரவரி

பத்மாசனியின் புருசன் முருகேசு வலை ஈயத்தை உருக்கி, ஈர மண்ணில் மாபிள் குண்டை அமுக்கிய குழிகளில் வார்த்துக் கொடுத்துவிட்டார். அடி அரை உருண்டை. அதன் மேல் கொடிக்காரனை ஒட்டி, சுற்றிவரக் கழுவிக் காயவைத்த கடல்மணல் தூவினேன். மற்றச் சூடான்காரர் போலத்தான் தெரிகிறது.

தட்டினேன். சாய்ந்தான். எழும்பினான்.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடிகளை ஒட்டினேன்.

27 பெப்ரவரி

கூடாரம், முள்வேலி (கூட்டுகிற தும்புத்தடியில் உருவிய தும்பு), ஈச்ச மரம், பட்டாளம் எல்லாம் தபால் கந்தோரில் கொடுத்தாயிற்று. கொடிக்காரருக்குத் தனிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே. பாரம் ஏன் கூட என்று கவுண்டரில் கேட்டார்கள். நல்ல வேலை எப்போதும் பாரம் என்றார் மனேஜர்.

பள்ளிவாசல் கமிட்டி இன்னும் கூடவில்லை.

2 மார்ச்

தலை நோன்பு. கஞ்சி. சிப்பாய்களைப் பற்றி யாரும் கதைக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

7 ஏப்ரல்

இவருடைய போனுக்குப் புது வீடியோ. றுஷ்தா எல்லாருக்கும் போட்டாள்.

என் பாலைவனம் வடிவாக இருந்தது. என் கூடாரங்களுக்கு முன்னால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சதுரமாக நின்றார்கள். சூடான்காரர் வந்தார்கள், செத்தார்கள், தட்டித் தட்டிப் படுக்க வைத்தார்கள். கொடிக்காரன் முறை வந்தது. கீத் துரை விரலால் தட்டினார். சாய்ந்தான், எழும்பினான். மறுபடி தட்டினார். மறுபடி எழும்பினான். மீசைக்காரர் ஒருவர் விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். விரலை எடுத்தவுடன் எழும்பினான்.

அவர்களுடைய விளையாட்டு விதிப் புத்தகத்தில், படுத்தால்தான் செத்தது என்று எழுதியிருக்கிறதாம். நிற்கிற கொடிக்கு முன்னால் சதுரம் நகரவும் ஏலாதாம். ஒருவர் புத்தகத்தைத் திறந்தார், இன்னொருவர் வேறு புத்தகத்தைத் திறந்தார். எழும்புகிறவன் உயிருள்ளவனா இல்லையா என்று வெகுநேரம் பேசினார்கள். கண் விசயத்துக்கு நாங்கள் இருந்ததைப் போலவே இருந்தார்கள், பாங்குதான் இல்லை. கடைசியில் கேர்னல் தோற்றார். நாயும் போயிற்று.

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹஸ்மி மச்சான், கமிட்டி கூட வேண்டிய தேவை இல்லை என்று நினைப்பதாகச் சொன்னார்.

வீடியோவுக்குக் கீழே நீளமான செய்தி. றுஷ்தா வாசித்தாள்: வேலை மிகத் திறம், வைகாசிப் பெரிய கண்காட்சிக்கு இன்னொரு பட்டாளம் வேண்டும். ஆனால் கொடிக்காரருக்கு ஏன் இப்படி அடி வைத்தீர்கள் என்று விளங்கவில்லை. இந்த வாரம் ஈயத்தை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்து எடுத்துவிடப் போகிறேன்.

"ஏன் விளங்கேல்ல?" என்றேன். "கொடியைப் பற்றி அப்பவே எழுதினது தானே."

இவர் தொப்பியைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தார். றுஷ்தா பழைய செய்திகளை மேலே மேலே தள்ளினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"உம்மா, உங்கட கண்ணுக்கு என்ன?"

"ஏன் புள்ள?"

"உங்களுக்குப் பார்வை சரியான குறைவாம். அதால கண் வரைய ஏலாதாம். வாப்பா எழுதியிருக்கார்."

அனுதாபம். பூதக்கண்ணாடி. மூன்று மாதமாக அந்த மனிதர் ஒரு குருட்டு மனிசி பட்டாளத்துக்கு வர்ணம் பூசுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

"கொடிக்கு?"

"மேடத்துக்குக் கொடி நல்ல விருப்பம், பிரச்சினை இல்லை சேர், எண்டு மட்டும்."

அப்படியென்றால் அவர் எழுத்து வேண்டும் என்று சொல்லவே இல்லை. மரியாதையாக வைத்திருப்பேன் என்றும் சொல்லவில்லை. அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"மார்க்கத்தை விளங்கப்படுத்த எனக்கு இங்கிலீஷ் காணாது ரபீக்கா," என்றார் இவர். "ஓடர் கைவிட்டுப் போயிரும் எண்டு பயந்திட்டன்."

"பொய் சொல்ல மட்டும் காணுமோ?"

மச்சான் செருப்பைத் தேடத் தொடங்கினார். மதினி போகவில்லை. "நீயே எழுது ரபீக்கா," என்றார்.

8 ஏப்ரல்

நேற்று இரவு இவரோடு கதைக்கவில்லை. சுபஹ் தொழுதுவிட்டுத் தமிழில் எழுதினேன். றுஷ்தா இங்கிலீஷ் ஆக்கினாள். போனில் தட்டியது நான்தான், ஒவ்வொரு எழுத்தாக. இவர் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வாசிக்காமல் போனார். அனுப்பியதன் நகல்:

"மதிப்புக்குரிய கீத் அவர்களுக்கு,

நான் ரபீக்கா. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். சிப்பாய்களுக்குக் கண் வைக்காதது எங்கள் மார்க்கத்துக்காக. கண்ணாடி நல்லது, தேவையென்றால் திருப்பி அனுப்புவேன்.

அந்தக் கொடிகளில் இறைவனின் பெயர் இருக்கிறது. அது நிலத்தில் கிடக்கக் கூடாது. அதற்காகத்தான் ஈயம் வைத்தேன், உங்களிடம் கேட்காமல் வைத்தது பிழை. உங்கள் கேர்னல் தோற்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

ஒன்று, ஈயத்தை அப்படியே விடுங்கள். அல்லது அந்தத் தாள் கொடிகளைக் கழற்றித் தபாலில் எனக்கு அனுப்புங்கள், குப்பையில் போட வேண்டாம். அதே நிறத்தில் எழுத்தில்லாத சீலைக் கொடிகள் தைத்துத் தருகிறேன். அவை எத்தனை தரமும் விழலாம். இரண்டில் ஒன்றுக்குச் சம்மதம் என்றால் அடுத்த பட்டாளத்தையும் செய்வேன். இல்லாவிட்டால் செய்ய ஏலாது.

அறுப்பதற்கு முன் பதில் தாருங்கள். இது என் சொந்த நம்பர். இதற்கே விரைவில் எழுதுங்கள்."