மீட்டர் கூவாத தகடு

ஆமத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க நினைத்தேன். எழுதக் கை வரவில்லை. நானும் உன் அப்பாவும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறோம், அதை முதலில் தெரிந்துகொள். ஆனால் நம் பட்டாசுக் கம்பெனியில் ஒரு காரியம் நடந்துவிட்டது. அதை உனக்குச் சொல்லாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

போனில் சொல்லலாம் என்றால், ஆயுத பூசைக்கு வந்து போனதிலிருந்து நீ என்னிடம் பேசுவதில்லை. அப்பா கூப்பிட்டால் எடுக்கிறாய். நான் வாங்கிக் காதில் வைத்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். ஓசூரில் என் குரலுக்கு மட்டும் சிக்னல் கிடையாதா? கடிதத்தை எப்படிக் கட் பண்ணுகிறாய் என்று பார்க்கிறேன். கோபம் இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

போன வாரம் நீ அப்பாவின் போனுக்கு அனுப்பிய மெசேஜை அவர் எனக்குக் காட்டினார். அப்ரண்டீஸ் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன், பெத்த தாயே நம்பாத எலக்ட்ரீசியன் படிப்பு எனக்கு எதற்கு என்று எழுதியிருந்தாய். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மேலே பார்த்தார். "இந்த ஃபேனை மாட்டுனது யாரு? அவதான. இம்புட்டு நாளா அதுக்குக் கீழதான தூங்குறோம், ஒரு நாளாவது பயந்தியா?" என்று கேட்டார். நானும் நிமிர்ந்து அந்த ஃபேனைப் பார்த்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முன்னால், கடைசி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம். இந்த வருடம் மழை தள்ளிப் போய்விட்டது. தலை வாரினால் முடி சீப்போடு எழுந்து நிற்கிற மாதிரி வறண்ட காற்று. காலையில் வேனில் இறங்கி, எப்போதும்போல் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் ரூமுக்குப் போனோம். முன்னால் குருவம்மாள் மதினி, பின்னால் நான். மதினி வாசலில் நின்று சுவரில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டார், தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், உள்ளே போனார். அடுத்து நான் தகட்டில் கை வைத்தேன். உள்ளே மதினி மருந்துத் தட்டை இழுக்கக் கை நீட்டினார்.

வெள்ளையாக ஒரு வெளிச்சம். அவ்வளவுதான் பானு. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. என் கை இன்னும் தகட்டின் மேல்தான் இருந்தது.

மதினி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்துக் கதவு வழியாக ஓடிவந்தார். புருவம் இல்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஆனால் என்னைப் பார்த்துக் கூப்பிடவில்லை. தட்டில் அப்போதுதான் கொஞ்சம் மருந்து கொண்டுவந்து வைத்திருந்தார்கள். லோடு முழுவதும் வந்த பிறகு என்றால் இந்தக் கடிதத்தை உன் அப்பாதான் எழுதியிருப்பார், அவருக்கோ கையெழுத்தைத் தவிர வேறு எழுத்து வராது.

பயப்படாதே, மதினி உயிரோடு இருக்கிறார். இரண்டு கையிலும் கட்டு. கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குச் சொன்னால் பயிற்சியைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்று நான்தான் அப்பாவின் வாயை அடைத்து வைத்தேன்.

அந்தத் தகடு எங்களுக்கு என்னவாக இருந்தது என்று உனக்கு நான் ஒரு நாளும் விளக்கிச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்கள், உடம்பில் நிற்கிற கரண்ட் இந்தச் செம்புத் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும், தொடாமல் யாரும் மருந்து ரூமுக்குள் போகக்கூடாது என்று. தொட்டோம். நாளாக ஆக எதற்குத் தொடுகிறோம் என்பது போய்விட்டது, தொடுவது மட்டும் நின்றது. தொட்ட கை தானாகக் கண்ணுக்குப் போனது. யாரோ சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஒரு முழம் பூ. தகட்டம்மா என்று பெயரும் வைத்தோம். வேறு எங்காவது புகை எழுந்தால், நம் ரூமுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அதைத்தான் கும்பிட்டோம். பிறகு எல்லோரும் சேர்ந்து சுற்றிலும் மஞ்சள் டைல்ஸ் பதித்து, கோயில் மாடம் மாதிரிக் கட்டிவைத்தோம். அதைக் கட்டியபோது நீ ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருக்கவில்லை.

அந்தத் தகட்டைத்தான் நீ பூசையன்று பிளேடால் சுரண்டினாய். வாழைமரம் கட்டி, பொரி கடலை பரப்பி, சூடம் ஏற்றப்போகிற நேரத்தில். கைப்பையில் இருந்து அந்த மீட்டரை எடுத்து, இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று முட்டவைத்தாய், தொடர்பு இருந்தால் கூவுமாமே, குயில் மாதிரிக் கூவியது. சுற்றி நின்ற சின்னப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு ஊசியைத் தகட்டிலும் இன்னொன்றைச் சுவரோரம் கரண்ட் மண்ணில் இறங்குகிற எர்த் குழியில் இருக்கிற குழாயிலும் வைத்தாய், கூவவில்லை. சந்தனம் தடுக்கிறதோ என்று சுரண்டிவிட்டு வைத்தாய், அப்போதும் கூவவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது செத்துப் போச்சு, சும்மா சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று அத்தனை பேருக்கு முன்னால் சொன்னாய்.

பட்டாசுக் கம்பெனியில், பூசை நேரத்தில், அந்த வார்த்தை! இப்போதும் சொல்கிறேன், அந்த வார்த்தையை நீ சொல்லியிருக்கக் கூடாது. பழுது என்று சொல்லேன், வேலை செய்யவில்லை என்று சொல்லேன். உனக்கு மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் வாயைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கவில்லையா? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஃபோர்மேன் மாரிக்கண்ணன் பார்த்தார், மதினி கண்கலங்கி நின்றார். அதற்குப் பிறகு அங்கே நான் உன்னைச் செய்யச் சொன்னதும், நீ அழுதுகொண்டே அந்தத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியதும், அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனதும் நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத வேண்டாம்.

தீப்பிடித்த அன்று மாரிக்கண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குருவம்மாள் அவசரத்தில் தகட்டைத் தொடாமல் போயிருப்பார், வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவரும் அதைத்தான் நம்பினார். "மதினி தொட்டாக. தொட்டுக் கண்ணுல ஒத்துனாக. நான் பின்னாலதான் நின்னேன், நானும் தொட்டேன். எங்க ரெண்டு பேரையும் தகட்டம்மா கைவிட்டுட்டாளா, இல்ல எம்மக சொன்னது நெசமா? சுவத்த ஒடைச்சுப் பாருங்க" என்று கத்திவிட்டேன். நான் கத்தியது எனக்கே கேட்டது.

மாடத்தை உடைப்பதா என்று ஆளுக்கு ஆள் தயங்கினார்கள். அதுவரை தகடு யார் பொறுப்பு என்றே யாருக்கும் தெரியவில்லை. ஆபீஸ் ரூம் லைட்டும் தண்ணீர் மோட்டாரும்தான் தன் வேலை என்று கம்பெனி எலக்ட்ரீசியன் நினைத்திருக்கிறார், சாமி ஆகிவிட்ட பொருளை அவர் எதற்குத் தொடுவார்? கடைசியில் அவரே உளி வைத்தார். மஞ்சள் டைல்ஸ் பெயர்ந்து விழுந்தது. தகட்டுக்குப் பின்னால் ஒரு சாண் கம்பி. அதற்கு மேல் இல்லை. நுனியைக் கொடி மாதிரி அழகாகச் சுருட்டி மடக்கி சிமெண்டால் பூசியிருந்தது. மீதிக் கம்பி கீழே எர்த் குழியில் தனியாகக் கிடந்தது. மாடம் கட்டிய கொத்தனார் வெட்டியிருக்கிறார்.

எத்தனை வெள்ளிக்கிழமை பூ வைத்தோம் பானு! எத்தனை நாள் அதைத் தொட்டுவிட்டு, இனி ஒன்றும் ஆகாது என்று தைரியமாக மருந்துக்குள் கை விட்டோம்! கம்பி இருந்த காலத்தில் அது வெறும் தகடு. கம்பியை வெட்டிவிட்டுத்தான் அதற்குக் கோயில் கட்டியிருக்கிறோம். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும்கூட அந்த ஒரு சாண் கம்பிதான் கண்ணில் நிற்கிறது.

தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது, வந்து பார்த்த ஆபீசர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் மதினிக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பி விஷயத்தை நான் சொல்லக் கூடாது என்றுதான் போனேன், அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். கட்டுப் போட்ட கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு மதினி சொன்னார்: "நாந்தாம் தாயி கொத்தனாருகிட்டச் சொன்னேன். அம்மா மொகத்துக்குக் கீழ கருப்பா கம்பி தொங்குது, பாக்க அசிங்கமா இருக்கு, மறைச்சு விடுப்பான்னு. நாந்தாம் சொன்னேன்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு உன்னைக் கேட்டார். "அந்தப் புள்ள அழுதுக்கிட்டே போச்சே, அங்கன நல்லா இருக்காளா, சாப்பிடுறாளா" என்று கேட்டார். நல்லா இருக்கா மதினி என்றேன்.

இப்போது ரூமைத் திறந்துவிட்டார்கள். புதுக் கம்பி இழுத்து, தகட்டைத் தேய்த்து, எல்லாம் சரி பண்ணியாயிற்று, தைரியமாகப் போங்கள் என்று மாரிக்கண்ணன் சொன்னார். ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். பழக்கம் போகவில்லை, தொட்ட கையைக் கண்ணிலும் ஒற்றினார்கள். என் முறை வந்தது. நான் கை நீட்டவில்லை.

ஐ.டி.ஐ. முதல் வருடத்தில் நீ வீட்டில் பாடம் ஒப்பிப்பாயே, நினைவிருக்கிறதா? கரண்டை அணைத்தாயிற்று என்று கூட நிற்கிறவர் சொன்னாலும், வாத்தியாரே சொன்னாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்று. நான் சட்டியைக் கழுவிக்கொண்டே, பெரியவர்கள் சொன்னால்கூட நம்பாதே என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பா என்று திட்டினேன். தையல் படிக்கச் சொன்னேன், கேட்டாயா என்றும் சொன்னேன். தெருவில் கேட்டவர்களிடம் நீ கம்ப்யூட்டர் படிப்பதாகச் சொல்லிவைத்ததும் நான்தான், அது உனக்கும் தெரியும். அன்று ரூம் வாசலில் நிற்கும்போது அந்தப் பாடம் முழுவதும் ஒரு வரி விடாமல் ஞாபகம் வந்தது.

மாரிக்கண்ணனிடம் சொல்லிவிட்டேன், என் மகள் வந்து மீட்டர் வைத்துப் பார்க்கட்டும், அதன் பிறகு போகிறேன் என்று. அதுதான் எலக்ட்ரீசியன் பார்த்துவிட்டாரே என்றார். அவர் பார்த்தது அவருக்கு, என் மகள் பார்த்தால்தான் எனக்கு என்றேன். சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இப்போது நான் வெளியே இருக்கிற ஷெட்டில் பெட்டி ஒட்டுகிறேன். பசை வாடையில் தலை வலிக்கிறது, வேறொன்றும் இல்லை. தகட்டில் சந்தனம் வைக்க வந்தவர்களையும் தடுத்து வைத்திருக்கிறேன். இந்த அம்மாவுக்கு என்ன கேடு என்று பேசுகிறார்கள், பேசட்டும்.

அதனால் சொல்கிறேன், பயிற்சியை விட்டுவிட்டு வருகிற பேச்சை இத்தோடு விடு. மூட்டை முடிச்சோடு வந்தால் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவேன். லீவு கிடைக்கும்போது வா, பொங்கலுக்கு என்றாலும் சரி. மீட்டரை மறக்காமல் எடுத்து வா. அன்று யார் முன்னால் நின்று சுரண்டினாயோ அவர்கள் எல்லோரும் நிற்கும்போதே வைத்துப் பார். கூவினால் நான் உள்ளே போகிறேன். கூவாவிட்டால் நீ என்ன வார்த்தை வேண்டுமானாலும் சொல், அந்த வார்த்தையையே சொல், நான் பக்கத்தில் நிற்பேன். பார்த்து முடித்ததும் பஸ் ஏறித் திரும்பிப் போய்ப் பயிற்சியை முடி.

வேளைக்குச் சாப்பிடு. ஈரக் கையோடு எதையும் தொடாதே, உனக்கே நான் சொல்கிறேன் பார். நம் குலசாமி உன் இரண்டு கைகளையும் காப்பாற்றட்டும்.

நீ வந்து சொல்லும்வரை ரூமுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா
செல்வலட்சுமி