வேப்பிலை குரூப்பை மூடாதே

கஹவத்தை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கச்சி கிருஷ்ணகுமாரிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்; ஆனால் இருக்கிற கோபத்தில் அது பிறகு. வருகிற ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குரூப்பை மூடிவிடுவேன் என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போனை அணைத்துவிட்டாயே, இது நியாயமா? உனக்குப் போன் கோல் எடுத்து எடுத்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். லீவில் ஊருக்கு வந்த நம் குரூப் ரஹ்மா நாளைக்குக் கட்டுநாயக்காவுக்குத் திரும்புகிறாள். உன் கார்மெண்ட் ஃபேக்டரி வாசலில் நின்றாவது கையில் கொடு என்று சொல்லி இதை அனுப்புகிறேன்.

உனக்கு முழுக்கதையும் தெரியாது. ருவான்வெல்லை மல்லிகாவின் போனை எடுத்தது அவள் கொழுந்தன் தனுஷன். மந்திரிக்கிற, சாமி ஆடுகிற பெண்கள் நாம் நமக்குள் பேசிக்கொள்ள வைத்த ‘வேப்பிலை’ குரூப்பைப் படம் பிடித்து, ரப்பர் தோட்டத்துக் கோயில் கமிட்டி குரூப்பில் போட்டுவிட்டான். சூனியக்காரிகள் சங்கம் என்று தலைப்பு வேறு! அந்த நாசமாய்ப்போனவனின் மகள் பயந்து அலறியபோது மந்திரித்துக் கயிறு கட்டியது யார்? மல்லிகாதானே! அப்போது அண்ணியாம், இப்போது சூனியக்காரியாம்.

நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு அழுகிறாய் என்று ரஹ்மா சொன்னாள். வெள்ளிக்கிழமை கும்பிடுவதற்குத் தாயின் பெயரோடு சேர்த்து அவரவர் பெயரைக் குரூப்பில் போடச் சொன்னது நீதானாம், அதனால்தான் எல்லோரும் அகப்பட்டார்களாம். வேறு எப்படிப் போடுவது? பொய்ப் பெயரைச் சொல்லி மந்திரித்தால் யாருக்குப் பலிக்கும்? ஒருத்திக்கு ஒருத்தி கும்பிடத்தான் உண்மைப் பெயரைக் கொடுத்தோம். வீட்டில் அரிசி வைத்தவளா களவாணி? எடுத்தவன்தானே!

மல்லிகா தண்ணீர் பிடிக்கப் பீலியில் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைமடுவத்து ஆயா, உன் குழந்தையை இங்கே கொண்டுவராதே என்றுவிட்டாள். ஒனக்கு ஹூனியம் தெரியுமாமே, அதான் மரத்துல பால் கொறஞ்சிருச்சு என்று கங்காணி சொன்னானாம். ஒரு வாரமாக மழை ஊற்றுகிறது. மழையில் ரப்பர் பால் வெட்ட முடியாது என்பது அந்தப் பெரிய மனுஷனுக்குத் தெரியாதா? கொழும்பில் கடையில் நிற்கிற அவள் புருஷனும் தம்பியைத் தட்டிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், கமிட்டிக்காரர்கள் முன்னாலேயே தனுஷனைக் கேட்டேன். சூனியக்காரி கட்டுன கயிறு ஒன் மக கையில எதுக்குடா, அறுத்து எறி என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அறுக்கவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர், அம்மா கொஞ்சம் மெதுவாப் பேசுங்க என்று என்னைத்தான் அடக்கினார்.

தினமும் சாயந்தரம் மல்லிகா குரூப்பில் வந்து, யாராச்சும் இருக்கீங்களா என்று கேட்கிறாள். கரவனெல்லை உம்மு குல்தூம் வீட்டுக்குத் தெரியாமல் ஓதிப் பார்க்கிறவள். அவள்கூடக் குசினிக்குள் அடுப்பு மூலையில் ஒளிந்து நின்று குரல் பதிந்து அனுப்புகிறாள். முந்தாநாள் மல்லிகா, புள்ளய யார் கையிலயாவது குடுத்துட்டா நான் நிம்மதியாப் போயிருவேன்க்கா என்றாள். அவளை விடாமல் நாங்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தோம். புள்ளைக்குச் சோறு ஊட்டப் போறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

வேறு குரூப் தொடங்குங்கள் என்று மட்டும் சொல்லாதே. பாதிப் பேர் போனை ஒளித்து வைத்துப் பேசுகிறவர்கள். புதிதாக ஒரு அழைப்பு வந்தால், இதுவும் தனுஷன் மாதிரி எவனோ என்று பயந்து தொடமாட்டார்கள். இருக்கிற இடம்தான் நமக்கு இடம்.

உனக்குப் பயமென்றால் அட்மினை என்னிடம் கொடுத்துவிட்டு நீ விலகிக்கொள். ஒரு குறையும் நினைக்கமாட்டேன். இல்லை, மூடத்தான் போகிறாய் என்றால், முதலில் மல்லிகாவுக்கு ஒரு கோல் எடு. இனிமேல் சாயந்தரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்கு நீயே சொல். சொல்ல முடிந்தால் மூடு.

மாரியம்மா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். போனைத் திற, தாயே.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அக்கா
மருதாயி